பச்சைக் கட்டம் போட்ட தலையணை

சென்ற மாதம் பிரியா தொலைபேசியில் அழைத்தாள். அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். நன்கொடை குடுக்குற சென்னைக்காரங்க புதுப் படிவம் அனுப்பியிருக்காங்க. உதவி வாங்குனவங்க பேரு, ஊரு, போட்டோ எல்லாத்தயும் வெப்சைட்ல போட்டிருந்தா வெளிப்படைத்தன்மைக்கு முழு மார்க்காம். ஒரு ஆஸ்பத்திரி டிரஸ்டு போட மாட்டேன்னு அடம் புடிக்குது. பூஜ்யம் போட்டுடட்டுமா?"

"யாருக்கு வைத்தியம் பாக்குற டிரஸ்டு?"

"புள்ளைங்களுக்குக்கா."

"இப்ப ஒண்ணும் போடாத. நான் எழுதி அனுப்புறேன், படிச்சிட்டுப் போடு" என்றேன்.

சீக்கிரம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாதியில் எழுந்துபோய் மகளுக்குப் போன் செய்து, சாப்பிட்டாளா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். "எதுக்கும்மா இப்பக் கேக்குற?" என்கிறாள்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆடிட்டர் அலுவலகம். பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். அரிசி மண்டிகள், முந்திரிக் கம்பெனிகள், ஜவுளிக்கடைகள் என்று ஆண்டுகள் ஓடின. சுனாமிக்குப் பிறகுதான் எங்கள் வேலையின் திசை மாறியது. கடலூர்க் கரையில் உதவி செய்ய வந்தவர்கள் ஏராளம். அதில் உதவி செய்தவர்களும் உண்டு, பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சூடுபட்ட நன்கொடையாளர்கள், பணம் கொடுக்கும் முன் அந்த அறக்கட்டளை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடினார்கள். எங்கள் ஆடிட்டர் தேவநாதன் சார் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். என்னை அதற்கு வைத்துக்கொண்டார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோதிக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் தயிர்சாத டப்பாவும் வரும். யாராவது இளநீர் வெட்டிக்கொண்டு வந்து நின்றால், "டிரைவருக்குக் குடுங்க, அவரு ரிப்போர்ட்டு எழுத மாட்டாரு" என்பார். கேள்வி ஒன்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் அவர்கள் மேற்கொண்டு சொல்வதைத்தான் குறித்துக்கொள்வார்.

அவருடைய முறைக்கு மூன்று படிகள். காகிதம், பேங்க், ஆள். ரசீதும் பில்லும் பொருந்துகிறதா என்பது காகிதம். அதே தொகை பேங்கில் நடமாடியிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் அவருக்கு முக்கியம். உதவி பெற்றவர்களின் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு சிலரைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். அறக்கட்டளையின் பெயரை நாங்கள் முதலில் சொல்லக் கூடாது. "உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மீதி அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

களத்தில் எழுதுவதெல்லாம் பென்சிலில்தான். ஆளைப் பார்த்து உறுதியான பிறகு அந்த வரியின் மேல் சார் தன் பேனாவால் எழுதுவார். அந்தப் பேனாவை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

2012-இன் தொடக்கம். தானே புயல் அடித்து ஓய்ந்திருந்தது. ஊரில் பாதித் தெருக்களில் கரண்ட் இல்லை. சிதம்பரத்தில் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை இருந்தது. அதற்காக நிதி திரட்டும் அறக்கட்டளையின் கோப்பு அப்போதுதான் எங்களிடம் வந்தது. பெயர் எழுதப் போவதில்லை. கடைகளில் உண்டியல் வைத்தும், வெளியூர்களில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டு வாங்கியும் ஏழைப் பிள்ளைகளின் ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் பெரிய தொகை தந்துவந்த சென்னை நிறுவனத்துக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். புயல் நிவாரணத்துக்கும் எல்லாரும் பணம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். "சரியாக இல்லையென்றால் இந்த ஆண்டுப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோம், சீக்கிரம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்கள்.

கோப்பின் அட்டையில் பெயரைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏனென்றால் 2004-இல், என் மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, அங்கேதான் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. பள்ளிக்கூட முகாமில் இதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். எங்கள் சேமிப்பு பாதிக்குக்கூடக் காணவில்லை. மீதியை இந்த அறக்கட்டளைதான் கொடுத்தது. தெருவில் டைபாய்டு என்று சொல்லிவிட்டுப் போனோம். என் மாமியாருக்கும் நாத்தனாருக்கும்கூட அதே டைபாய்டுதான். பெண் பிள்ளை. நெஞ்சைப் பிளந்து தைத்தது என்று ஒருமுறை வெளியே தெரிந்தால் போதும், நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான் என்பதுதான் எங்கள் பேச்சு. அதன்பின் அவளுடைய எல்லா ஜாக்கெட்டும் சுடிதாரும் கழுத்தை ஒட்டித்தான் தைக்கப்பட்டன.

கோப்பு வந்த அன்றே சாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாடியில் மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். அந்த மாதம்தான் விருத்தாசலத்திலிருந்து ஒரு வரன் கூடி வந்துகொண்டிருந்தது. தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன்.

அறக்கட்டளையின் செயலாளர் ஸ்டெல்லா அக்கா. அந்த மருத்துவமனையின் பழைய தலைமை நர்ஸ். ஆபரேஷன் முடிந்த முதல் இரவுகளில் என் மகளின் தலைமாட்டில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். என்னை "விஜயா, நீ கொஞ்சம் படு" என்று அதட்டியவர். அறைக்குள் நுழைந்ததும் அவர் கண் என் மேல் ஒரு கணம் நின்றது. நெற்றி லேசாகச் சுருங்கியது. பிறகு சாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "வாங்க மேடம், ஒக்காருங்க. கடலூர்லேர்ந்து ரோடெல்லாம் மோசமாமே" என்றார்.

மேடம் என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே குறுகிப்போனேன்.

காகிதம் சரியாக இருந்தது. பேங்கும் பொருந்தியது. ஆனால் ஒரு சிக்கல். அறக்கட்டளையின் தலைவரும் மருத்துவமனையை நடத்தும் டாக்டரும் அண்ணன் தம்பி. பில் போடுவது தம்பி, பணம் கொடுப்பது அண்ணன். ஒரே வீட்டுக்குள் ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சட்டைப் பைக்குப் போகும் பணத்துக்கு எத்தனை ரசீது இருந்தாலும் அது ஆதாரம் ஆகாது. இனி மூன்றாவது படிதான். சார் பட்டியலைக் கேட்டார்.

ஸ்டெல்லா அக்கா கொடுத்தார். கொடுத்துவிட்டு, "சார், ஒண்ணு சொல்லிடுறேன். பொம்பளப் புள்ளைங்க பேரு பாதி மாத்தி எழுதியிருக்கு" என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு மாத்துனது?"

"நான்தான். பெத்தவங்க கேட்டாங்க. அட்மிஷன்லயே அந்தப் பேருதான். தெரு சரியா இருக்கும், வயசு, அப்பன் என்னா வேல பாக்குறாங்கறது சரியா இருக்கும். பேரு மட்டும் வேற."

"நெசப் பேரச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் சார். வாக்கு குடுத்திருக்கேன்."

சார் துடைத்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் எதிரில் இருப்பவர் கூடுதலாக ஏதாவது சொல்வார். ஸ்டெல்லா அக்கா சொல்லவில்லை. மேசைமேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு அவரும் பேசாமல் இருந்தார். கடைசியில் சார்தான் வாயைத் திறந்தார். அப்படி நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, இல்லாத புள்ளைக்குப் பில் போட்டவனும் இதயேதான் சொல்லுவான். நான் என்னா பண்ணட்டும்?"

"நீங்க போயி பாருங்க சார். வார்டுல இப்பவும் மூணு புள்ளைங்க பணத்துக்குக் காத்துகிட்டு இருக்கு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

பேசும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இதோ இந்தப் பெண்ணின் மகளுக்கே செய்திருக்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் பாரம் பாதி குறைந்திருக்கும்.

மறுநாள், பெண் பிள்ளைகளின் வீடுகளை முதலில் பார்ப்பதென்று பண்ருட்டி போனோம். பட்டியலில் இருந்தது: பெண், சேர்ந்தபோது வயது பதினொன்று, தகப்பன் பலா மண்டியில் லோடுமேன். வழியெல்லாம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சீசன் வந்தாலும் மண்டியில் லாரி நிற்காது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தெருவில் விசாரித்தோம். "லோடுமேனுக்கு ஒரு பொண்ணு இருக்குது, ஆனா நீங்க சொல்ற பேரு இல்லயே" என்று ஒருவர் வீட்டைக் காட்டினார்.

வாசலில் ஒரு பெண் தார்ப்பாயைக் கூரைக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆரம்பிக்கும் முன்பே அவள் முகம் மூடிக்கொண்டது.

"ஆஸ்பத்திரியா? எம் பொண்ணுக்கு என்னா? நல்லாத்தான் இருக்கா. யாரு சொன்னது ஒங்களுக்கு? எந்த வூட்டுக்காரி சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா" என்றார் சார்.

"அப்பறம் எதுக்கு வந்து நிக்கிறீங்க? பத்து பேரு பாக்குறாங்க, போங்க."

சார் பென்சிலால் 'இல்லை' என்று எழுதினார். அடுத்த வீட்டிலும் அதுவேதான். அதற்கடுத்த ஊரில் கதவே திறக்கவில்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் கை வேகமாகிக்கொண்டு வந்தது. முடிவு அவர் மனதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. 'பயனாளிகளை உறுதிசெய்ய முடியவில்லை' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு சென்னையிலிருந்து பணம் வராது. அந்த மூன்று பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அதில் ஒருத்தியை வார்டில் பார்த்திருந்தேன். உதடு நீலம் பாய்ந்து, நாலு எட்டு நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் அப்படித்தான் நின்றாள்.

திரும்பும் வழியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சார், அந்தப் பொம்பள பொய் சொன்னா."

"எப்படித் தெரியும்?"

"நானும் அதே பொய்யத்தான் சொல்லியிருக்கேன். என் பொண்ணுக்கும் அங்கதான் பண்ணுனது. செல்வின்னு பேரு குடுத்தேன். அது அவ பேரு இல்ல."

அவர் கண்ணாடியைத் தொடவில்லை.

"இத கோப்பு வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும், விஜயா."

"ஆமா சார்."

"இப்ப நீங்க இதுல வேல பாக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அதோட, உங்க பொண்ணு ஒரு ஆளு. ஒருத்தி இருக்கறதால மத்தவங்களும் இருக்காங்கன்னு ஆயிடாது. அவுங்களே நாலு பேருக்கு நெசமா பண்ணிட்டு நாப்பது பேரு எழுதியிருக்கலாம்."

அதற்கும் ஆமாம் என்றேன். டிரைவர் வருவது தெரிந்தது. சார் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாளைக்கு மறுபடியும் பண்ருட்டி போவோம். நீங்க எழுதக் கூடாது. ஆபீஸ் ஆளா வரக் கூடாது. ஒரு தாயா வந்து பேசறதுன்னா பேசுங்க. நான் தள்ளி நிக்கிறேன். என்னா சொல்லணும், சொல்லக் கூடாதுங்கறது உங்க இஷ்டம். நான் கேக்க மாட்டேன்."

அன்றிரவு என் கணவரிடம் கேட்டேன். "வெளியூருதானே, யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

மறுநாள் அந்த வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நேத்தே சொன்னேன்ல?"

"ஒங்க பொண்ணப் பத்திக் கேக்க வரலம்மா. என் பொண்ணப் பத்திச் சொல்லிட்டுப் போறேன்" என்றேன். நின்றபடியே சொன்னேன். பள்ளிக்கூட முகாம், டைபாய்டு பொய், கழுத்தை ஒட்டிய ஜாக்கெட், தெருவில் யாராவது சேலை கட்டச் சொல்லிக் கேட்டால் நான் நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவது எல்லாவற்றையும். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பின மாதிரி தெரியவில்லை. திடீரென்று அவள் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"ஆபரேஷன் ஆயி, புள்ள இருமுனா என்னா பண்ணச் சொன்னாங்க?"

"தலவாணிய நெஞ்சோட இறுக்கி அணைச்சிக்கச் சொன்னாங்க. இல்லன்னா தையல் வலிக்கும்."

"யாரு வூட்டுத் தலவாணி?"

"நர்ஸம்மா குடுத்தது. சின்னது. கல்லு மாதிரி இருக்கும்."

"என்னா கலரு?"

"பச்சக் கட்டம். கைலித் துணி."

அவள் தெருவை இருபக்கமும் பார்த்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தகரப் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அதே பச்சைக் கட்டம்.

"கூரையே பறந்துச்சிக்கா. ஒண்ணொண்ணா எடுத்துகிட்டு ஓடும்போது இதத்தான் மொதல்ல எடுத்தேன். எங்க வூட்டுக்காரரு திட்டுனாரு, அரிசிய வுட்டுட்டு தலவாணிய தூக்கிகிட்டு ஓடுறாளே பைத்தியக்காரின்னு." சிரித்தாள். உடனே, "பொண்ணு பேரு மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

"கேக்க மாட்டேன்."

சாரை உள்ளே அழைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "பாக்கலாமாம்மா?" என்று கேட்டு, தலையணையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரத் தையலைப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் கேட்டார். "கணக்குல இந்தத் தலவாணி எங்கயாவது வந்துச்சா?"

"இல்ல சார். ஸ்டெல்லா அக்கா அவுங்க சொந்தக் காசுல இலவம் பஞ்சு வாங்கி தைக்கக் குடுப்பாங்க. துணி ஒரு கைலிக் கடைக்காரரு சும்மா குடுக்கறது."

"கணக்குக்காகச் செஞ்ச பொருளா இருந்தா நான் நம்ப மாட்டேன். கணக்குல எழுதணும்னே அவுங்களுக்குத் தோணல. அதனால நம்பலாம்" என்றார். பென்சிலால் எழுதியிருந்த 'இல்லை'யை அழித்தார்.

பிறகு மற்ற வீடுகள். எங்கேயும் பெயர் கேட்கவில்லை. தலையணை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சில இடங்களில் அது குழந்தையின் தொட்டிலில் கிடந்தது. ஒரு வீட்டில் புது உறை போட்டு மறைத்திருந்தார்கள். பிரித்தால் உள்ளே பச்சைக் கட்டம். முந்திரி உடைக்கும் ஒரு அம்மாள், "ஏம்மா, கவுருமெண்டுல தலவாணிய திருப்பிக் கேக்குறாங்களா?" என்று பயந்தாள். அவளைச் சமாதானப்படுத்தப் படாத பாடு பட்டோம்.

ஆனால் ஒவ்வொரு வாசலிலும் முதலில் என் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் எந்தக் கதவும் திறக்கவில்லை. ஏழு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஊர் ஊராக இறைத்துக்கொண்டு போனேன். கடைசியாக இருந்தது மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து ஓர் எட்டுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். ஊர் எல்லையில் சார் காரை நிறுத்தச் சொன்னார்.

"இதோட வுட்டுடலாம், விஜயா. இந்த ஒரு வூடு பென்சில்லயே இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் பாதி வேலை என்று மொட்டைக் கடிதக்காரன் திரும்பவும் எழுதுவான். "போயிட்டு வந்துடுறேன் சார்" என்றேன்.

விவசாயக் குடும்பம். புயலில் சாய்ந்த வைக்கோல் போரை அந்த அம்மாள் ஒருத்தியாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் என் கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே, "ஆமாம்மா, அங்கதான் எம் பொண்ணுக்கும் பண்ணுனது" என்றாள் சாதாரணமாக. எந்த வீட்டிலும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"அந்தத் தலவாணி இருக்காம்மா?"

"இருந்துச்சி. அவளோடயே அனுப்பிட்டோம்."

கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அனுப்பியதாகத்தான் நினைத்தேன். "எந்த ஊருல குடுத்திருக்கீங்க?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் வைக்கோலை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் நல்லா இருந்தாம்மா. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல ஓடி பிளேட்டு வாங்குனா. அப்பறம் மூளக் காச்சல் வந்துச்சி. நாலே நாளு. அது இல்லாம தூங்க மாட்டா. அதனால தலமாட்டுல வச்சே எடுத்துகிட்டுப் போனாங்க."

சார் வாசலிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒங்க நோட்டுல எம் பொண்ணு பேரு என்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"சுமதி."

"ஆமா. எங்க வூட்டுக்காரரு அங்கனயே யோசிச்சி சொன்ன பேரு." லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "அத அழிச்சிட்டு சரியா எழுதும்மா. அவ பேரு வளர்மதி. இனிமே யாரு வந்து பொண்ணு கேக்கப்போறாங்க."

எத்தனையோ வீடுகளில் ஒருவர்கூட உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது இந்த வீடு மட்டும்தான்.

சார் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். நான் எழுதக் கூடாது என்று சொன்ன மனிதர் அவர். அதை என்னிடம் நீட்டினார். வளர்மதி என்று எழுதினேன். இரண்டாவது எழுத்தில் பேனா வழுக்கியது. திருத்தாமல் விட்டேன்.

மறுநாள் சிதம்பரத்தில் ஸ்டெல்லா அக்காவிடம் சார் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நீங்க செஞ்சது பூரா நெசம்னு எழுதப்போறேன். ஆனா ஒண்ணு. பேர மறைக்கலாம்மா, தப்பில்ல. பொய்ப் பேரு எழுதக் கூடாது. எங்கெங்க மறைக்கணுமோ அங்க நம்பரு போடுங்க. நெசப் பேரு எழுதுன காகிதம் ஒறைல போட்டு சீல் வச்சி, அண்ணன் தம்பி குடும்பத்துலயும் உங்க குடும்பத்துலயும் சேராத ஒருத்தருகிட்ட இருக்கட்டும். பில்ல அண்ணனும் தம்பியும் பாத்தா போதாது, வெளியாளு ஒரு டாக்டரு பாத்துக் கையெழுத்து போடணும்."

ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, "பாப்பா எப்படி இருக்கு, விஜயா?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாக வேண்டும் என்றார் சார்: எங்கள் அலுவலகப் பணியாளர் ஒருவரின் மகள் இந்த அறக்கட்டளையின் உதவி பெற்றவர். அது இல்லாவிட்டால் நாங்கள் இவ்வளவும் பார்த்ததற்கு மதிப்பில்லை. எங்கள் அலுவலகத்தில் மகள் உள்ளவர் நான் ஒருத்திதான். பெயர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். அறிக்கை சென்னை நிறுவனத்தின் வெப்சைட்டில் வரும்.

"அந்த வரிக்குக் கீழ நீங்க சம்மதக் கையெழுத்து போடணும். உங்க பொண்ணக் கேக்காம போடாதீங்க" என்றார்.

அன்று மாலை மகளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எத்தன பேருகிட்ட சொன்ன?"

"போன வூட்டுல எல்லாம்."

"ஏம்மா, நான் என் ஃப்ரெண்டுகிட்டகூட இதுவரைக்கும் சொன்னதில்ல. ஹாஸ்டல்ல எல்லாரும் தூங்குனப்பறம் டிரஸ் மாத்துவேன். நீ சொன்ன பொய்ய நான் காப்பாத்திகிட்டு இருக்கேன். நீ என்னான்னா என் நெஞ்ச ஊரு ஊரா காட்டிட்டு வந்திருக்க!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாகத்தான் மங்கலம்பேட்டையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே சத்தமே இல்லை. அவள் மூச்சு கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

காலையில் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அங்க இப்ப எத்தன புள்ளைங்க காத்துகிட்டு இருக்கு?"

"மூணு."

"போடு" என்றாள். காப்பி குடிக்காமல் குளிக்கப் போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். பணம் வந்தது. நீல உதட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது என்று ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். விருத்தாசலத்துக்காரர்கள் "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். பிறகு தரகர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. என் நாத்தனார் வீடு தேடி வந்து, "எங்ககிட்டயே டைபாய்டுன்னீங்களே" என்று அழுதுவிட்டுப் போனாள். நான் அந்த ஆண்டே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். சார் ஏன் என்று கேட்கவில்லை. மங்கலம்பேட்டைக்குப் பிறகு எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கை வரவில்லை. அவ்வளவுதான் காரணம். மகளுக்குப் புதுச்சேரியில் பேங்க் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது துணிகளுக்கு மேலாகத் தன் பச்சைக் கட்டத் தலையணையை வைத்து மூடினாள்.

ஆகவே பிரியா, பூஜ்யம் போடாதே. அந்தப் படிவத்தில் கேட்டிருப்பது விளம்பரத்துக்கு ஆகும், உண்மைக்கு ஆகாது. போட்டோ போட்டவர்களெல்லாம் யோக்கியர்கள் என்றும், போடாதவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதே. அந்த டிரஸ்டு யாருக்காக மறைக்கிறது என்று கேள். அவர்களுக்காகவா, பிள்ளைகளுக்காகவா என்று பார். பார்ப்பதற்கு நேரில்தான் போக வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதி முடித்ததும் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன்.

"இருக்கேன், படி."

முடித்தேன்.

"எல்லாம் சரி. என் பேரு எங்க?"

"வேணாம்னு வுட்டுட்டேன்மா. மகள், மகள்னே எழுதியிருக்கேன். படிக்கிறவங்களுக்கு எதுக்கு?"

"அந்த மங்கலம்பேட்டை அம்மா, பொண்ணு போனப்பறம் பேர எழுதச் சொன்னாங்க. நான் இருக்கேன்ல?"

போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்து மூக்கைத் துடைத்தேன்.

"அழாத. எழுது."

அவள் பெயர் கயல்விழி. பேனாவால்தான் எழுதியிருக்கிறேன்.